குறுநாடகம் எழுதுபவருக்கு: பிரதியைப் பதிவது முதல் அனுமதிக் கடிதம் வரை

குறுநாடகம் சுலபமாகக் கைமாறும். எல்லாத் தொல்லையும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆறேழு பக்கம், வாட்ஸப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பினால் மறுவாரம் வேறு ஊரில் ஒரு குழு ஒத்திகையில் இருக்கும். இரண்டு மணி நேர நாடகத்தைக் கேட்காமல் போடத் தயங்குகிறவர்கள்கூட, பத்து நிமிட நாடகத்துக்கு யாரிடமாவது கேட்க வேண்டும் என்று நினைப்பதில்லை. அழைப்பிதழில் எழுதியவர் பெயர் விடுபட்டிருக்கும். இல்லாவிட்டால் இயக்கியவர் பெயரே 'எழுத்தும் இயக்கமும்' என்று இருக்கும். இருபது நாடகம் எழுதி முடித்தபின் எது எந்த ஆண்டு எந்த அரங்கில் முதலில் மேடையேறியது என்று கேட்டால் சொல்வதற்குக் கையில் ஒரு துண்டுச்சீட்டும் இருக்காது.

எழுதுவது எப்படி என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். எழுதிய பிரதியைச் சுற்றிச் செய்ய வேண்டிய வேலைகளை மட்டும் இங்கே வரிசையாகத் தருகிறேன். சட்ட விவரங்கள் எல்லாம் இந்தியாவுக்கு உரியவை. முதல் நாடகத்திலேயே தொடங்கிவிட்டால் ஒரு நாடகத்துக்கு அரைநாள் போதும். பத்தாண்டு கழித்துத் தொடங்கினால் பழைய மின்னஞ்சல்களைத் தோண்டுவதற்கே ஒரு மாதம் போய்விடும்.

1. ஒரு பதிவேடு, ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு எண்

நோட்டுப் புத்தகமோ கணினி அட்டவணையோ, எதுவானாலும் சரி. நாடகத்துக்கு ஒரு எண் கொடுங்கள். தலைப்பு மாறும், எண் மாறாது. அதற்கு எதிரே இவை இருக்க வேண்டும்: தலைப்பு, பழைய தலைப்புகள், முதல் வரைவு முடிந்த தேதி, இப்போதைய பதிப்பு எண், பாத்திரங்கள் எத்தனை (ஆண், பெண், யாரும் நடிக்கக்கூடியது), அளந்த நேரம், மூலக்கதை வேறொருவருடையதா, யாருக்கு எந்தத் தேதியில் எந்தப் பதிப்பை அனுப்பினீர்கள், என்ன பதில் வந்தது.

கடைசி இரண்டையும்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பின்னால் தகராறு வரும்போது கைகொடுப்பவையும் அவைதான். உங்கள் நாடகத்தை ஒரு குழு பார்த்தே இருக்க முடியாது என்று சொல்லும்போது, அந்தக் குழுவில் இருப்பவருக்கு நான்காம் பதிப்பை எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று காட்ட முடிந்தால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

கோப்புப் பெயரிலும் ஒழுங்கு வேண்டும். 'நாடகம் ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்' என்று வைத்தால் ஒத்திகையில் நடிகர்கள் மூன்று வெவ்வேறு பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். '07_சாவி_ப4_2024-03-12' என்பது போல எண், தலைப்பு, பதிப்பு, தேதி என்ற வரிசையில் வையுங்கள். பழைய பதிப்புகளை அழிக்காதீர்கள். நாடகம் படிப்படியாக உங்கள் கையில் வளர்ந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

2. பிரதியின் வடிவம்

ஏ4 தாள், 12 புள்ளி எழுத்து, பக்க எண், ஒவ்வொரு பக்கத் தலையிலும் தலைப்பும் பதிப்பு எண்ணும். முதல் பக்கத்தில் தலைப்பு, எழுதியவர் பெயர், தொடர்பு, 'மேடையேற்ற எழுத்தில் அனுமதி பெறவும்' என்ற ஒற்றை வரி. இரண்டாம் பக்கத்தில் பாத்திரங்கள், இடம், நேரம், கட்டாயம் தேவைப்படும் பொருட்கள். மூன்றாம் பக்கத்தில் நாடகம்.

எழுத்துரு விஷயத்தில் தமிழுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய டி.டி.பி. முறையில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்பை வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். அப்படிப்பட்ட பிரதிகள் உங்களிடம் இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை முழுதாகப் பிழை பாருங்கள். மாற்றியில் ஒற்றும் கொம்பும் இடம் மாறுவது சாதாரணம். அனுப்பும்போது பி.டி.எஃப். மட்டும் போகட்டும். திருத்தக்கூடிய கோப்பை ஒப்பந்தம் ஆன பிறகுகூட யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

மேடைக் குறிப்பு நடிகர் செய்யக்கூடியதாக இருக்கட்டும். இது வேலைக்கு ஆகாது:

(பத்து வருடங்களாக அடக்கி வைத்திருந்த துயரம் அவள் கண்களில் தெரிகிறது.)

இதை ஒத்திகையில் வைத்து வேலை செய்யலாம்:

(அவள் சாவியை மேசைமேல் வைக்கிறாள். எடுக்கிறாள். மறுபடி வைக்கிறாள்.)

முன்னதைப் படித்துவிட்டு இயக்குநர் தனக்குத் தோன்றியதைச் செய்வார், அது உங்கள் நாடகமாக இருக்காது. பின்னதில் சாவி என்ற பொருள் தேவை, மேசை தேவை, மூன்று அசைவுகள் என்று எல்லாமே தெரிகிறது. நேரத்தையும் அளக்கலாம்.

குறுநாடக விழாக்களில் ஒரே மாலையில் ஐந்தாறு நாடகங்கள் போவதால், நடுவில் மேடையை மாற்றக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. கட்டில், பீரோ, உண்மையான அடுப்பு என்று எழுதினால் படிக்கும்போதே ஒதுக்கிவிடுவார்கள். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, கையில் எடுத்துச் செல்லும் பொருட்கள் என்று அடங்கினால் நாடகம் நீண்ட நாள் மேடையில் இருக்கும். காட்சி மாற்றம் இரண்டுக்கு மேல் போனால் அது குறுநாடகமா, சுருங்கிய பெருநாடகமா என்று நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

3. நேரத்தை அளப்பது

'ஒரு பக்கம், ஒரு நிமிடம்' என்ற கணக்கு வேறு மொழியில் வேறு வடிவத்தில் எழுதும் பிரதிகளுக்கானது. தமிழில் அதை நம்பாதீர்கள். ஒரு வரியில் நான்கே சொல் வரும் உரையாடலும் அரைப்பக்க வசனமும் தாளில் அடைக்கும் இடத்துக்கும் மேடையில் எடுக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

பாத்திரத்துக்கு ஒருவராக உட்கார வைத்துக் குரல் விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மேடைக் குறிப்பை வாசிக்க வேண்டாம், அந்தச் செயலை யாராவது செய்து காட்டட்டும், அல்லது அதற்கான விநாடிகள் மௌனமாகப் போகட்டும். கைபேசி நிறுத்தற்கடிகாரம் போதும். இரண்டு முறை அளந்து, கூடுதலாக வந்ததைப் பதிவேட்டில் எழுதுங்கள். உட்கார்ந்து படித்ததைவிட மேடையில் நேரம் கூடும். நுழைவு, வெளியேற்றம், சிரிப்பு அடங்கும் நேரம், விளக்கு அணைந்து எரிவது எல்லாம் சேரும். 10 நிமிட வரம்புக்கு எழுதினால் உட்கார்ந்து படிக்கையில் எட்டரை நிமிடத்துக்குள் முடியட்டும். போட்டிகளில் நேரம் தாண்டினால் மதிப்பெண் குறையும். சில இடங்களில் விளக்கையே அணைத்துவிடுவார்கள். கடைசி வரி இருட்டில் போனால் குறுநாடகத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

நேரம் கூடினால் முதல் பக்கத்தில் வெட்டுங்கள். பெரும்பாலும் நாடகம் இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் உண்மையாகத் தொடங்கியிருக்கும்.

4. கதை யாருடையது?

மேடையேற்றிய பிறகு இந்தக் கேள்வி வந்தால் செலவு அதிகம். எழுதத் தொடங்கும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் வாழ்நாளும் அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி தொடங்கி 60 ஆண்டும் நீடிக்கும். புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அவர் எழுத்து நாட்டுடைமையும் ஆகிவிட்டது, தாராளமாக நாடகமாக்கலாம். 2018இல் மறைந்த ந. முத்துசாமியின் நாடகத்தைத் தொடுவதென்றால், அது நாட்டுடைமை ஆகாதவரை, 2078 முடியும் மட்டும் உரிமை வைத்திருப்பவர்களிடம் கேட்டாக வேண்டும்.

மொழிபெயர்ப்பில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1904இல் இறந்துவிட்டார், அவருடைய ஓரங்க நாடகங்களுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் உங்கள் கையில் இருப்பது ஒருவர் செய்த தமிழாக்கம். அந்தத் தமிழாக்கத்துக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு, மொழிபெயர்த்தவர் அனுமதி வேண்டும். ஆங்கிலத்தைப் பார்த்து நீங்களே தமிழாக்கினாலும், அந்த ஆங்கில மொழிபெயர்ப்பு எந்தக் காலத்தது என்று பாருங்கள். மூலத்தின் உரிமைக்காலம் முடிந்தும், இடையில் உள்ள மொழிபெயர்ப்பு இன்னும் பதிப்புரிமையில் இருக்கலாம்.

நாடு மாறினால் கணக்கும் மாறும். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1956இல் இறந்தார். இந்தியாவில் 2016 முடிவோடு அவர் மூலநாடகங்களின் உரிமைக்காலம் தீர்ந்தது. இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகியவற்றில் 70 ஆண்டு என்பதால் 2026 முடிவு வரை போகும். சென்னையில் போட்ட தழுவலை அப்படியே லண்டனுக்கு எடுத்துப் போகும் குழுக்கள் இதை மறந்துவிடுகின்றன. 1989இல் மறைந்த ஐரிஷ் நாடகாசிரியர் பெக்கெட்டை இந்தியாவிலும் 2049 முடியும் வரை கேட்காமல் தொட முடியாது.

பிரதிக்குள் சினிமாப் பாட்டை எழுதி வைப்பது இன்னொரு வம்பு. 'பின்னணியில் இந்தப் பாட்டு ஒலிக்கிறது' என்று ஒரு வரி எழுதினால், நாடகம் போடும் ஒவ்வொரு குழுவும் வரிகளுக்கும் இசைக்கும் ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைச் சங்கம்) பக்கமும், ஒலிப்பதிவுக்கு அதன் உரிமையாளர் பக்கமும் போக வேண்டியிருக்கும். கதைக்கு அந்தப் பாட்டேதான் வேண்டும் என்றால் ஒழிய, 'பழைய பாட்டு ஒன்று மங்கலாகக் கேட்கிறது' என்று விட்டுவிடுங்கள்.

கருவுக்கு உரிமை கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர், தன் நாடகத்தைத் தழுவிப் படம் எடுத்துவிட்டார்கள் என்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கருத்துக்குப் பாதுகாப்பில்லை, அதை எழுதிய விதத்துக்குத்தான் என்பதே அதன் சாரம். ஆகவே எழுதாத நாடகத்தின் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

5. பதிப்புரிமைப் பதிவு: 500 ரூபாயும் பொறுமையும்

முதலில் சொல் குழப்பம். பேச்சில் 'காப்புரிமை' என்று எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். அது கண்டுபிடிப்புக்கானது. உங்களுக்குத் தேவையானது பதிப்புரிமை.

பதிவு கட்டாயமில்லை. எழுதி முடித்த கணத்திலேயே உரிமை உங்களுடையது. பதிவுச் சான்றிதழ் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக நிற்கும், எதிராளி அதை மறுத்து நிரூபிக்க வேண்டிவரும். அதற்காகத்தான் இந்தச் செலவு. பிரதியை உறையிலிட்டுத் தனக்குத்தானே பதிவுத்தபால் அனுப்பும் பழைய வித்தைக்கு இதற்கு ஈடான பலம் இல்லை.

செய்முறை இது. பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் கணக்குத் தொடங்குங்கள். படிவம் 14ஐ நிரப்புங்கள். அதோடு விவர அறிக்கை, கூடுதல் விவர அறிக்கை என்று இரண்டு இணைப்புகள் உண்டு. இலக்கியம் அல்லது நாடகப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே கட்டலாம். கட்டியதும் டைரி எண் வரும். அதை அப்போதே பதிவேட்டில் ஏற்றுங்கள், பின்னால் நிலவரம் பார்க்க அந்த எண்தான் வேண்டும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பிரதியின் பி.டி.எஃப்., ஸ்கேன் செய்த கையொப்பம், அடையாள ஆவணம், இணை ஆசிரியர் இருந்தால் அவருடைய ஆட்சேபணையின்மைக் கடிதம், தழுவல் என்றால் மூல ஆசிரியர் கடிதம், வழக்கறிஞர் மூலம் போனால் அதிகாரப் பத்திரம்.

எண் வந்த பிறகு 30 நாள் ஆட்சேபணைக்காகக் காத்திருப்பு. யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பரிசீலனைக்குப் போகும். குறை இருந்தால் கடிதம் வரும். பதிலுக்கு 30 நாள் கெடு, தவறவிட்டால் 500 ரூபாயும் காத்திருந்த காலமும் வீண். மின்னஞ்சலின் வேண்டாத குப்பைப் பெட்டியையும் வாரம் ஒருமுறை பாருங்கள். சான்றிதழ் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், வரும் மாதத்து அரங்கேற்றத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. தலைப்பைப் பிரதியில் ஒருவிதமாகவும் படிவத்தில் ஒருவிதமாகவும் எழுதுவது, முக்கியமாகத் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் பெயர்க்கும்போது. புனைபெயரையும் சொந்தப் பெயரையும் இடம் மாற்றிப் போடுவது. மூன்றாவது, 'வெளியிடப்பட்டதா' என்ற கட்டம். அச்சில் வந்தால்தான் வெளியீடு என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் வரையறையில் பொதுமக்களுக்குப் படைப்பைக் கொண்டுசேர்ப்பதும் அடங்கும், மேடையேறிய நாடகம் எந்தப் பக்கம் என்ற கேள்வி எழும். முதல் மேடையேற்றத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டால் 'வெளியிடப்படாதது' என்று நிம்மதியாகக் குறிக்கலாம்.

பத்து நாடகத்தையும் தனித்தனியாகப் பதிந்தால் 5,000 ரூபாய். ஒரே தொகுப்பாகச் சேர்த்து ஒரு படைப்பாகப் பதிந்தால் 500. பணம் இறுக்கம் என்றால் தொகுப்பு போதும். சினிமாவுக்கோ இணையத்தொடருக்கோ கேட்கக்கூடும் என்று தோன்றுவதை மட்டும் தனியாகப் பதியுங்கள். ஒன்றை மட்டும் விற்கும்போது அதற்கென்று தனிச் சான்றிதழ் இருப்பது வசதி.

6. அனுப்புவது

குழுவோ விழாவோ இதழோ, விதிமுறையை முழுதாகப் படியுங்கள். பெயர் தெரியாமல் படிக்கும் போட்டியாக இருந்தால் முதல் பக்கத்தில் மட்டும் பெயரை எடுத்துவிட்டால் போதாது. பக்கத் தலைப்பிலும் கோப்புப் பெயரிலும் கோப்பின் உள்விவரங்களிலும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நான்கு வரிக் கதைச்சுருக்கம், பாத்திர எண்ணிக்கை, நேரம், முன்பு மேடையேறியதா என்ற விவரம், ஐம்பது சொல்லில் உங்களைப் பற்றி. இவ்வளவே அனுப்பினால் போதும். சுருக்கத்தில் முடிவை மறைக்காதீர்கள், படிப்பவர் தேர்வுக்காகப் படிக்கிறார், டிக்கெட் வாங்குவதற்காக அல்ல.

'முதல் மேடையேற்றமாக இருக்க வேண்டும்' என்று சில விழாக்கள் கேட்கும். கல்லூரியில் கட்டணமில்லாமல் ஒருமுறை போட்டதும் மேடையேற்றம்தான், மறைத்தால் பின்னால் புகைப்படம் காட்டிக் கொடுக்கும். விண்ணப்பப் படிவத்தின் அடியில், 'சமர்ப்பிக்கும் பிரதிகளின் உரிமை விழாக்குழுவைச் சேரும்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தால் அனுப்பாதீர்கள். தேர்வாகாத பிரதியின் உரிமை அவர்களுக்கு எதற்கு?

7. அனுமதிக் கடிதம்

நாடகாசிரியர் வாழ்க்கையில் அதிக முறை எழுதப் போகும் ஆவணம் இதுதான். வாய்வார்த்தையாக 'போட்டுக்கோங்க தம்பி' என்று சொல்லிவிட்டு, மூன்று ஆண்டு கழித்து யூடியூபில் பார்த்துத் திகைப்பது வழக்கமான கதை. இலவசமாகக் கொடுத்தாலும் கடிதம் கொடுங்கள். இலவசம் என்றால் கட்டாயம் கொடுங்கள்.

ஒரு பக்கம் போதும். இப்படி இருக்கலாம்:

'சாவி என்ற என் குறுநாடகத்தை (பதிப்பு 4, 7 பக்கங்கள்), தங்கள் குழு, இன்ன அரங்கில், இன்ன இரண்டு தேதிகளில், தமிழில், பார்வையாளர் முன் நேரடியாக நிகழ்த்த மட்டும் அனுமதிக்கிறேன். ஒரு மேடையேற்றத்துக்கு ___ ரூபாய், முதல் நிகழ்வுக்கு ஏழு நாள் முன்பு செலுத்த வேண்டும். அழைப்பிதழ், சுவரொட்டி, இணைய விளம்பரம் எல்லாவற்றிலும் இயக்குநர் பெயருக்கு இணையான அளவில் ஆசிரியர் பெயர் இடம்பெற வேண்டும். வசனம், பாத்திரத்தின் பால், முடிவு ஆகியவற்றை மாற்ற எழுத்தில் முன்னனுமதி தேவை. ஆவணத்துக்காக ஒரு காணொளி எடுக்கலாம். முழு நாடகத்தையோ ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட பகுதியையோ இணையத்தில் ஏற்றக் கூடாது. மற்ற எல்லா உரிமைகளும் என்னிடமே இருக்கின்றன.'

இரு பக்கமும் கையெழுத்து, தேதி. இரண்டு பிரதி.

இதில் எந்தச் சொல்லையும் அலங்காரத்துக்குச் சேர்க்கவில்லை. உரிமை மாற்றத்திலோ உரிமத்திலோ காலத்தைக் குறிக்காவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடத்தைக் குறிக்காவிட்டால் இந்தியா முழுவதும். ஒரு வாரயிறுதிக்கு நினைத்துக் கொடுத்தது ஐந்து ஆண்டு, நாடு முழுவதும் என்று ஆகிவிடும். பதிப்பு எண் இருந்தால் அவர்கள் மேடையில் பேசியது நீங்கள் அனுமதித்த வசனமா என்று ஒப்பிட முடியும். 'பாத்திரத்தின் பால்' என்று சேர்த்தது குழுவில் ஆள் கிடைக்காமல் அம்மாவை அப்பாவாக்கும் பழக்கத்துக்காக. சில நாடகத்துக்கு அது பாதகமில்லை, கேட்டுச் செய்யட்டும்.

'முழு உரிமையையும் அளிக்கிறேன்' என்ற வரியில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அது உரிமம் அல்ல, உரிமை மாற்றம். பிறகு உங்கள் நாடகத்தை நீங்களே போட அவர்களிடம் கேட்க வேண்டிவரும். தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் இரண்டு வாசல் திறந்திருக்கின்றன. வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை, மாற்றிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். பெயர் பெறும் உரிமையும், பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் உரிமையை விற்ற பிறகும் ஆசிரியரிடமே இருக்கும்.

நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்து, வேலையின் பகுதியாக எழுதிய விழிப்புணர்வு நாடகம் உங்களுடையது அல்ல, நிறுவனத்துடையது. மாற்று ஒப்பந்தம் இருந்தால்தான் விலக்கு. தொண்டு நிறுவனங்களுக்குத் தெருநாடகம் எழுதுபவர்கள், சம்பள வேலையா தனி ஒப்பந்தமா என்பதை எழுதும் முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கேட்காமல் போடச் சட்டம் அனுமதிக்கும் இடங்களும் உண்டு. அமெச்சூர் சங்கம் கட்டணமில்லாப் பார்வையாளருக்குப் போடலாம். பள்ளி, கல்லூரியில் ஆசிரியரும் மாணவரும் தங்களுக்குள், பெற்றோர் முன்னிலையில் போடலாம். அங்கே பணம் கேட்டுச் சண்டை போடுவது வீண். பெயர் போடச் சொல்லுங்கள், அழைப்பிதழ் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். நுழைவுச்சீட்டு விற்ற நிமிடம் இந்த விலக்கு பொருந்தாது.

8. பணம்

குறுநாடகத்துக்கென்று நிலையான விலைப்பட்டியல் கிடையாது. இரண்டு முறை உண்டு: மேடையேற்றத்துக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை, அல்லது வசூலில் விழுக்காடு. விழுக்காடு கேட்கக் கம்பீரமாக இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 ரூபாய்ச் சீட்டு 80 விற்றால் 16,000. ஆசிரியர்களுக்கு மொத்தம் 10 விழுக்காடு என்றால் 1,600. அன்று ஒரு மணி நேர நிகழ்ச்சியில் உங்கள் நாடகம் 12 நிமிடம் என்றால் உங்கள் பங்கு 320 ரூபாய், அதுவும் குழு கணக்கைச் சரியாகக் காட்டினால். சிறிய அரங்குக்கு நிலையான தொகையை முன்பணமாக வாங்குவதே தொல்லையில்லாதது.

நிறுவனம் கொடுக்கும்போது பான் எண் கேட்கும். கொடுக்காவிட்டால் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) 20 விழுக்காடாகப் பிடிப்பார்கள். பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிபாருங்கள்.

9. மேடையேறிய அன்று சேகரிக்க வேண்டியவை

அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், ஒரு நுழைவுச்சீட்டு, மேடை முழுதும் தெரியும் இரண்டு படம், நடிகர், இயக்குநர், ஒளி, இசை செய்தவர்கள் பெயர்ப்பட்டியல், வந்திருந்தால் பத்திரிகைக் குறிப்பு. மறுநாளே வாங்குங்கள், ஒரு வாரம் கழித்து யாரிடமும் இருக்காது. அழைப்பிதழில் வருடம் போடாமல் நாளும் கிழமையும் மட்டும் அச்சிடுவது நம் ஊர்ப் பழக்கம், நீங்கள் பேனாவால் ஆண்டை எழுதி வையுங்கள்.

10. பட்டியலும் தொகுப்பும்

நல்கைக்கோ பயிலரங்குக்கோ விண்ணப்பிக்கும்போது கேட்பது படைப்புப் பட்டியல். தலைப்பு, எழுதிய ஆண்டு, நேரம், முதல் மேடையேற்றம் (குழு, அரங்கு, மாதம், ஆண்டு), அச்சில் வந்த இடம். வாசிப்பு நிகழ்ச்சியை மேடையேற்றக் கணக்கில் சேர்க்காதீர்கள், தனித்தலைப்பில் போடுங்கள். ஒரே நாடகம் இரண்டு தலைப்பில் போயிருந்தால் ஒரே வரியில் எழுதுங்கள். பட்டியலை நீட்ட இரண்டாகக் காட்டியது தெரிந்தால் மீதி எல்லாவற்றின்மேலும் சந்தேகம் விழும்.

ஏழெட்டு நாடகம் சேர்ந்ததும் நூலாக்கத் தோன்றும். ஒவ்வொன்றும் ஒருமுறையாவது மேடை கண்டிருக்கட்டும். நடிகர் வாயில் உடைந்த வசனங்களைத் திருத்திய பதிப்பு அச்சாவதே நல்லது. பதிப்பாளர் ஒப்பந்தத்தில் அச்சு, மின்னூல் உரிமை மட்டும் கொடுங்கள். 'நாடகமாக்கல், திரை, மொழிபெயர்ப்பு உட்பட' என்ற வரி பொது ஒப்பந்தப் படிவத்திலேயே இருக்கும், அதை அடித்துக் கையெழுத்திடுங்கள். நாவலுக்கான படிவத்தை நாடகத்துக்கும் நீட்டுவார்கள், கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

சொந்தமாக அச்சிட்டால் நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணை அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையம் வழி பெறலாம். கட்டணம் இல்லை. அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை விலக்குங்கள். அட்டை அச்சுக்குப் போகும் முன்பே விண்ணப்பியுங்கள், எண் வராமல் அட்டை முடியாது. நூல் வந்து 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி ஆகிய நான்கு இடத்துக்கும் தலா ஒரு பிரதி போக வேண்டும். அஞ்சல் ரசீதை வைத்திருங்கள். உரிமைப் பக்கத்தில் மேடையேற்ற அனுமதிக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலைப் போடுங்கள். நிலையானதாக இருக்கட்டும், வேலை செய்யும் நிறுவனத்து முகவரி வேண்டாம்.

11. உங்களுக்குப் பிறகு

உரிமை உங்கள் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு போகும். நாடகம் போட விரும்பும் குழு அப்போது யாரைக் கேட்கும்? நான்கு வாரிசுகளும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றால் எந்தக் குழுவும் காத்திருக்காது, வேறு நாடகத்துக்குப் போய்விடும். உயிலில் நாடக உரிமையை ஒருவர் பெயருக்கு எழுதுங்கள். வருமானத்தைப் பங்கிட வேண்டுமானால் அதைத் தனியாகக் குறிக்கலாம். அச்சாகாத கைப்பிரதியை ஒருவருக்கு எழுதி வைத்தால், வேறு விதமாகச் சொல்லாதவரை அதன் பதிப்புரிமையும் அவருக்கே போகும். ஆகவே நினைவாக இருக்கட்டும் என்று கைப்பிரதிகளை நண்பருக்கு எழுதி வைக்கும்முன் யோசியுங்கள். பதிவேடு எங்கே இருக்கிறது, கணினியின் கடவுச்சொல் என்ன என்று அந்த ஒருவருக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.